சர்க்கரை என்று எழுதிய பாட்டில்

1

யாழினியின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. கோடை விழாவுக்கு அவள் வகுப்புப் பெற்றோர்கள் பானம் கொண்டுவர வேண்டும். வீட்டில் செய்ததாக இருந்தால் நல்லது. சர்க்கரை சேர்க்கக் கூடாது. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாட்டிலின் மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஜெர்மனியில் விழாவுக்கும் விதிகள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. வரிசை எண் போட்ட தாளைக் கண்டால் எனக்குப் பாதி பயம் போய்விடும்.

எலுமிச்சை பிழிந்தாகிவிட்டது. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. ஒட்டும் காகிதத்தை வெட்டிக்கொண்டு, முதலில் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 'சர்க்கரை இல்லாதது' என்று எழுத வேண்டும். 'ச' எழுதியதோடு பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பங்குனியில் எங்கள் வீட்டில் நடந்ததற்குப் பிறகு அந்தச் சொல்லை எந்தப் பாட்டிலின் மேலும் நான் எழுதவில்லை. ஊரில் அந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்களாம். ஜெயங்கொண்டத்தில் ஒருவர் என் தம்பி செந்திலை நிறுத்தி, "ஒங்க அக்கா மவ பூச்சி மருந்த எடுத்துக் குடுத்துட்டாளாமே" என்று கேட்டிருக்கிறார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

அப்பாவுக்கு உடையார்பாளையத்துக்கு வெளியே முந்திரிக் கொல்லை இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆயிற்று. மாத்திரை போதாமல் இப்போது காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அவரை இங்கே அழைத்துவர முயன்று பார்த்தேன். விசாவுக்குக் காப்பீடு வேண்டும். காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு விண்ணப்பத்தை மூடினேன். அவர் வர முடியாது என்றால் நாங்கள்தான் போக வேண்டும். ஈஸ்டர் விடுமுறைக்கு யாழினியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பங்குனி, முந்திரி பொறுக்கும் காலம். வெயிலில் கொல்லைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அப்பா கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி ஒரு குளிர்பானம் குடித்துவிட்டு வருகிறார் என்று போன அன்றே தெரிந்துவிட்டது.

"வெயிலுக்கு ஒரு சோடா குடிச்சா குத்தமா?" என்றார்.

"சோடாவா அது? கலரு," என்றாள் அம்மா.

"கலருன்னா கண்ணுக்குத்தான? ஒடம்புக்கு என்னா பண்ணும்?"

குடிக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. வேறொன்றைக் குடிக்கக் கொடுக்க வேண்டும். பெரம்பலூரில் ஒரு நர்சரியில் ஸ்டீவியா செடி வாங்கிவந்தேன். இனிப்புத்துளசி என்று எழுதி வைத்திருந்தார்கள். செய்முறை எளிது. இலையைக் கிள்ளி நிழலில் உலர்த்தி, ஒரு சிட்டிகை அளவு வெந்நீரில் போட்டு மூடிவைத்து வடிகட்ட வேண்டும். கூடுதலாகப் போட்டாலும் நெடுநேரம் ஊறவிட்டாலும் அடிநாக்கில் கசக்கும். ஆறிய பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் வாசனை போய்விடும். தட்டிய இஞ்சி, கல்லுப்பு, குளிர்ந்த தண்ணீர். முதல் நாள் அப்பா முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள், "அந்த எலத்தண்ணி இருக்கா?" என்று அவரே கேட்டார்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "நாட்டுச் சக்கரை போட்டா ஒண்ணும் பண்ணாதுங்கிறாங்களே பாப்பா. அதையே போட்டுக் குடுத்துட்டா என்னா?"

நம் பக்கத்தில் பல வீடுகளில் இந்த நம்பிக்கை இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இயற்கைதான். ஆனால் இரத்தத்துக்குள் போனால் வெள்ளைச் சீனி செய்வதைத்தான் அவையும் ஏறக்குறைய செய்யும். அம்மாவுக்கு அதை விளக்கிவிட்டு, நாட்டுச் சர்க்கரை போட்ட ஒரு பாட்டிலும் தனியாகச் செய்தேன். அது யாழினிக்கு. இன்னொரு காரணமும் உண்டு. இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை கூடுவது மெதுவான ஆபத்து. குறைவது உடனடி ஆபத்து. குறைந்தால் சட்டென்று குடிக்கக் கொடுக்க வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.

இங்கிருந்து வாங்கிப்போன ஒரே மாதிரியான இரண்டு ஸ்டீல் பாட்டில்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆகவே பெயர் எழுதி ஒட்டினேன். சர்க்கரைக்காரருக்கு உரியதில் 'சர்க்கரை'. மற்றதில் 'சாதா'.

இது குழப்பும் என்று நம்மூரில் யாரும் நினைக்கமாட்டார்கள். சர்க்கரை மாத்திரை என்றால் அதில் சர்க்கரை இருக்கிறது என்றா பொருள்? சர்க்கரை டாக்டர், சர்க்கரைச் செருப்பு, சர்க்கரை பிஸ்கட். எங்கள் வீட்டில் அந்தச் சொல் பண்டத்தின் பெயராக இருந்து வெகுநாள் ஆகிவிட்டது. அது அப்பாவின் நோயின் பெயர்.

பண்டத்துக்கு எங்கள் வீட்டில் பெயரே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

3

யாழினிக்கு ஏழு வயது. பள்ளியில் அவள் பெயர் யாட்ஸினி; 'z' எழுத்தை அங்கே 'ட்ஸ்' என்பார்கள். 'ழ' வராத ஆசிரியைக்கு முதல் வாரம் திருத்திச் சொன்னாள். பிறகு விட்டுவிட்டாள். இப்போது வீட்டிலும் தன்னைச் சில சமயம் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அழைத்துப்போகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். 'ச' வந்தால் சர்க்கரை. பக்கத்தில் ஒரு கிண்ணமும் கரண்டியும் படமாக இருக்கும்.

ஊருக்குப் போகும்போது ஒரு விதி போட்டிருந்தேன். தாத்தா வீட்டில் ஜெர்மன் கூடாது. அவளும் தானாகவே கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள். பஸ் பலகை, உரக்கடைச் சுவர், தாத்தாவின் பூச்சி மருந்து டப்பா.

என் விடுப்பு முதலில் முடிந்தது. பானம் செய்வதை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் கிளம்பிவந்தேன். விடுமுறை முடிந்து அவளை அழைத்துவர அவள் அப்பா போவதாக ஏற்பாடு.

4

அங்கே மதியம். இங்கே காலை, அலுவலகம். அம்மாவின் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் யாழினி. அம்மாயி, அதாவது என் அம்மா, வரதராஜன்பேட்டைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கிறாள், போனைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, தாத்தா நனைஞ்சிருக்கார்."

"குளிச்சாரா?"

"குளிக்கல. ஆனா நனைஞ்சிருக்கார்."

அலைபேசி பேசுவதற்கென்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் போய்க் கதவைச் சாத்தினேன். போனைத் தாத்தா பக்கம் திருப்பச் சொன்னேன். அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"பஸ் வந்துருச்சா?"

"எந்த பஸ்ஸுப்பா?"

"நீ சும்மா இரு. எனக்கு ஒண்ணுமில்ல."

வார்த்தைகள் குழறின. சாப்பிட்டாரா என்று யாழினியிடம் கேட்டேன். "கொல்லையிலேருந்து இப்பதான் வந்தார். அப்பறமா சாப்டுறேன்னார்." காலையில் ஊசி போட்டிருப்பார். வெயிலில் நடந்திருக்கிறார். வயிற்றில் ஒன்றுமில்லை. சர்க்கரை கீழே போய்க்கொண்டிருந்தது.

"யாழி, ஃபிரிட்ஜுல சர்க்கரை போட்ட பாட்டில் இருக்குல்ல? அத ஒரு டம்ளர்ல ஊத்தித் தாத்தாவுக்குக் குடு. ஓடு."

ஓடினாள். எவர்சில்வர் டம்ளரில் ததும்பத் ததும்பக் கொண்டுவந்தாள். அப்பா முதலில் தட்டிவிட்டார். பிறகு வாங்கிக் குடித்தார். எனக்கு மூச்சு வந்தது. அதே நேரத்தில் மடிக்கணினியிலிருந்து பெரம்பலூரில் இருக்கும் செந்திலுக்குச் செய்தி அனுப்பினேன். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா எண்ணுக்கு அடிக்கிறேன், எடுக்கவில்லை, நான் கிளம்பிவிட்டேன் என்று பதில் வந்தது. பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையம் பக்கத்திலா இருக்கிறது?

உலை ஒரு கொதி வரும் நேரத்தில் முகம் தெளிய வேண்டும். தெளியவில்லை. தலை ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது.

"இன்னொரு டம்ளர் குடு."

கொடுத்தாள். பாதி குடித்தார், பாதி சட்டையில் வழிந்தது. அதன்பிறகும் மாற்றமில்லை. கண் செருகியது. நான் வேலையில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். கொடுத்தது உள்ளே போயிருக்கிறது. நடக்க வேண்டியது நடக்கவில்லை. அப்படியென்றால் கொடுத்தது நான் நினைத்தது அல்ல.

"யாழி, அந்தப் பாட்டில எடுத்துட்டு வந்து எனக்குக் காட்டு."

கொண்டுவந்து போனுக்கு முன்னால் பிடித்தாள். என் கையெழுத்து. அதன்மேல் அவள் விரல் நகர்ந்தது.

"நானே படிச்சேம்மா. ச... ர்... க்... க... ரை."

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

"அது இல்லம்மா. இன்னொண்ணு இருக்கும் பாரு, சாதான்னு."

"அது காலி. நேத்தே நான் குடிச்சுட்டேன்."

"சரி, அடுப்படிக்குப் போ. அலமாரில சீனி டப்பா இருக்கும்."

"சீனின்னா என்னம்மா?"

"சர்க்கரை."

அதே பாட்டிலை மறுபடி தூக்கிக் காட்டினாள். "இதாம்மா சர்க்கரை." நான் ஏன் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

"கதவத் தொறந்து செல்வி பெரியம்மாவக் கூப்புடு."

"மேல் தாழ்ப்பா போட்டிருக்கு. கொரங்கு வரும்னு தாத்தா போட்டார். எனக்கு எட்டாது."

கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் நின்று என்னைப் பார்த்தார்கள். நான் கத்தியிருக்க வேண்டும். அப்பா கட்டிலில் சரிந்துவிட்டார். அப்போதுதான் ஜெர்மன் சொல் வாயில் வந்தது.

"சுக்கர், யாழி. சுக்கர் வேணும்."

அவள் போனுக்கு அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள். "இங்க ஜெர்மன் பேசலாமா?"

"பேசலாம். சுக்கர். பான்கேக் மேல தூவுவோமே, வெள்ளையா."

"அதுவா?" என்றாள். "அம்மாயியோட அதுவா? அது அரிசிக்குள்ள இருக்கு."

அப்பா திருடித் தின்பார் என்று அம்மா சீனி டப்பாவை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள். அவர் காதில் விழக் கூடாது என்று பெயரையும் சொல்வதில்லை. 'பால்ல அது போடவா?' என்றுதான் பேத்தியிடம் கேட்டிருக்கிறாள். நான் அலமாரி அலமாரியாகத் தேடச் சொல்லியிருந்தால் பொழுது போயிருக்கும். அது இருக்கும் இடம் அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி வளைகாப்பில் இருந்தாள்.

மற்றவள் போனைக் கட்டிலின் மேல் போட்டுவிட்டு ஓடினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே சுழலும் மின்விசிறி மட்டும். டிரம் மூடி விழும் சத்தம். அரிசி சிதறும் சத்தம். திரும்பி வரும் காலடி.

மயங்கும் நிலையில் இருப்பவருக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டாவது டம்ளரைக் கொடுக்கச் சொன்னது நான்தான். ஒருக்களித்துப் படுத்திருக்கிறாரா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஜெர்மனில் சொன்னேன். விரலில் தொட்டு எடு. கன்னத்துக்கு உள்பக்கம் தடவு. பல்லுக்கு வெளியே. மறுபடி தொடு. மறுபடி தடவு. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் 'யா' என்றாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள்.

"யாழி?"

மின்விசிறி மட்டும் சுழன்றது.

"யாழி, என்ன ஆச்சு?"

நாக்குச் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னும் வெகுநேரம் தடவச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு அப்பாவின் குரல், தூங்கி எழுந்தவர் போல.

"என்னாது இது... சீனியா?"

'அப்பா பேசிட்டாரு' என்று செந்திலுக்கு அடித்தேன்.

"எங்கேருந்து ஆயி எடுத்த?" என்றார் அப்பா.

"சொல்ல மாட்டேன்," என்றாள் யாழினி.

5

செந்திலின் அழைப்பைத் தாமதமாகப் பார்த்துவிட்டுச் செல்வி அக்கா வந்து கதவைத் தட்டினார்; அப்பாவே எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க, உள்ளே வந்து சோறு போட்டார். சாயங்காலம் செந்தில் அப்பாவை அரியலூருக்கு அழைத்துப்போய் மருத்துவமனையில் காட்டினான். ஊசி அளவைக் குறைத்து எழுதினார்கள். திரும்பி வரும் வழியில் என்னோடு போனில் பேசினான்.

"ஏங்க்கா, பாட்டிலுக்கு என்னா எழுதுறதுன்னு ஒரு கணக்கு இல்லயா? நானா இருந்தா தெரிஞ்சிருக்கும், அது அப்பாவோடதுன்னு."

"ஒனக்குத் தெரியும்டா. அவளுக்கு எப்புடித் தெரியும்?"

பின்னாலிருந்து அப்பா சொன்னார். "எம் பேத்தி சரியாத்தான் படிச்சா. எழுதுனவளக் கேளு."

அதன்பிறகு சில மாற்றங்கள் செய்தோம். மேல் தாழ்ப்பாளைக் கழற்றினோம். லேபிள்களைக் கிழித்தோம். குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி டிவிக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொன்னேன். அப்பா அதை விரலால் தொட்டுத் தொட்டு ஒரே வாரத்தில் முடித்துவிட்டார். "டாக்டர் எழுதிக் குடுத்ததத்தான தின்னேன்" என்றார். அம்மா அடுத்த பாக்கெட்டையும் சீனியையும் சேர்த்து வேறு இடத்தில் ஒளித்துவிட்டாள். யாழினி அங்கிருந்து கிளம்பும்போது அவளிடம் மட்டும் அந்த இடத்தைக் காட்டியிருக்கிறாள்.

"எங்கிட்டயும் செந்தில்கிட்டயும் சொல்லும்மா" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டேன்.

"நீ போன்ல கேப்ப, நான் சொல்லணும். இவரு காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. செந்திலு வாயில எது நிக்கும்? அடுத்த தடவ வர்றப்ப காட்டுறேன்."

அடுத்த தடவை என்றால் டிசம்பர். அதுவரை அம்மா வீட்டில் இல்லாத ஒரு மதியம் வராது என்று யார் உறுதி சொல்வது? யாழினியிடம் கேட்டால், "அம்மாயிக்கு ப்ராமிஸ் பண்ணிருக்கேன்" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள்.

சனிக்கிழமை வகுப்பில் அவள் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டாள் என்று டீச்சர் சொன்னார். வீட்டில் புத்தகத்தைக் கொடுத்தால் என் பக்கம் தள்ளுவாள். "நீ படி. நான் படிச்சா தப்பாயிடும்." தப்பாகப் படிக்கவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் நம்பவில்லை. சரியாகப் படித்தும் தாத்தா சரிந்ததைப் பார்த்தவள்.

6

இன்று காலை, லேபிளில் 'ச' மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன் அல்லவா? பானம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவர யாழினியிடம் ஒரு கோப்பை கொடுத்துக் கீழ்வீட்டுக்காரரிடம் அனுப்பினேன். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். படியில் நின்று அவர்கள் ஜெர்மனில் பேசியது மேலே எனக்குக் கேட்டது.

"பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குச் சுக்கர் இருக்கிறதே குழந்தை," என்றார் அவர்.

நான் எழுந்துவிட்டேன். ஜெர்மன்காரர்களும் அந்த நோயை அப்படித்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. குழப்பமே இல்லாதது என்று நம்பி அன்று நான் ஓடி ஒளிந்த சொல்லிலும் அதே ஓட்டை.

யாழினி கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு அவள் குரல்:

"சாப்பிடுகிற சுக்கரா, வருகிற சுக்கரா?"

கிழவர் சிரித்தார். "வருகிற சுக்கர். வந்து போகமாட்டேன் என்கிறது."

"அப்படியென்றால் இதைக் குடிக்கலாம். ஆனால் உங்களுக்கு மயக்கமாக வந்தால் இதைக் குடிக்கக் கூடாது. அப்போது சாப்பிடுகிற சுக்கர் வேண்டும். உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?"

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. யாழினி மேலே வந்தாள். என் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். 'ச'வை அடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தமிழில் எழுதினாள்: 'தாத்தா குடிக்கலாம்.' வாய்விட்டு ஒரு முறை படித்தும் பார்த்தாள். அதற்குக் கீழே அதையே ஜெர்மனில் எழுதினாள். பள்ளி கேட்டது இது இல்லை. அதன் கீழே எலுமிச்சை, இஞ்சி, உப்பு, ஸ்டீவியா இலை என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டு, கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றிச் சொல்லி, அந்தப் பாட்டிலைக் காட்டினோம். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். "எந்தத் தாத்தா? நானா, அங்க உள்ளவரா?" என்றார்.

யாழினி சிரிக்கவில்லை. என் காதருகே வந்து, தாத்தாவுக்குக் கேட்கும் குரலிலேயே, ஆனால் ஜெர்மனில், ஒரு வாக்கியம் சொன்னாள். எந்த அறை, எதற்குப் பின்னால், எந்த நிற மூடி. அம்மாயிக்குக் கொடுத்த வாக்கை அவள் எப்படி எடைபோட்டாள் என்று நான் கேட்கவில்லை.

"என்னா சொல்றா அவ?" என்றார் அப்பா.

"இங்க மழைங்கிறாப்பா."

"மழையச் சொல்றதுக்கா மூஞ்சிய இப்புடி வச்சிருக்கா?"

அழைப்பு முடிந்ததும் செந்திலுக்கு எழுதி அனுப்பினேன். படித்ததும் அழித்துவிடச் சொன்னேன். அந்த இடத்தை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் குறிப்பைக் கடைசி வரி வரைக்கும் அப்பா படிப்பார். அதைத் தேடித்தான் படிப்பார்.